அரை கிளாஸ் டீ

ஆண்டாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரம்பலூரைச் சுற்றியுள்ள மக்காச்சோளக் காடுகளில் முப்பது வருடமாகக் களை வெட்டுகிறவள். குடிக்கத் தண்ணீர் வைக்காத காட்டுக்காரரை வரப்பிலேயே நிற்க வைத்துக் கேட்டவள். கோபக்காரி என்று ஊர் சொல்லும். கோபம் வருகிற மாதிரி நடந்துகொள்கிறார்களே, நான் என்ன செய்ய என்பாள் அவள்.

கணவர் முத்துசாமி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரி ஓட்டியவர். புரட்டாசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மயங்கிவிட்டார். வண்டி காட்டுக்குள் இறங்கி, களை வெட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்களுக்குப் பத்தடி தள்ளி நின்றது. பழைய மாரடைப்பின் தழும்பிலிருந்து இதயம் தறிகெட்டுத் துடித்திருக்கிறது. திருச்சியில் தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த இடத்தைச் சுட்டார்கள். மூன்று மாதம் கழித்து அணு ஸ்கேன் எடுத்தால்தான் இதயத்தில் எந்தச் சதை செத்தது, எது பிழைத்தது, எதற்கு ரத்தம் போகவில்லை என்று தெரியும். அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

ஸ்கேனுக்கு முதல் நாளிலிருந்தே டீ, காபி ஆகாது. முத்துசாமி நாளைக்கு ஏழு டீ குடிப்பவர். ஆண்டாயி டீத்தூள் டப்பாவையே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். பார்க்க வந்தவர்களுக்கும் மோர்தான்.

மறுநாள் காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். துணைக்கு வந்த அவள் தம்பி கலைச்செல்வனும் முத்துசாமியும் டீக்கடையில் நின்றார்கள். கிளாஸ் காலி.

"அரை கிளாஸ்தான்க்கா. மாமா மொகமே வாடிப்போச்சு."

"ஒன் மொகத்துல கொதிக்கக் கொதிக்க ஊத்தணும்டா."

பஸ்ஸில் முத்துசாமி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். நீ வாயைத் திறக்காதே, இன்றைக்கு எடுத்துவிட்டால் திங்கட்கிழமை வண்டி ஏறிவிடலாம், இல்லையென்றால் ஓனர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் டீ, காபி குடித்தாரா என்று கேட்டாள். இல்லைங்க என்றார் முத்துசாமி. கலைச்செல்வன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். குடித்திருந்தால் என்ன ஆகும் என்று ஆண்டாயி கேட்டாள். இதயத்துக்கு வேலை கொடுக்க ஏற்றும் மருந்து சரியாகப் பிடிக்காது, ரத்தம் போகாத இடமும் படத்தில் நன்றாக இருப்பது போலத் தெரியும் என்றாள் நர்ஸ்.

படம் நன்றாக வந்தால் இவர் வண்டி ஏறுவார். அடுத்த முறை பத்தடி மிஞ்சுமா?

"குடிச்சாருங்க. பெரம்பலூர்ல, காலைல ஏழு மணிக்கு."

ஸ்கேனை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். படமெடுக்க அன்றைக்கென்று வரவழைத்த கதிரியக்க மருந்து சாயங்காலத்துக்குள் வலுவிழந்துவிடும், வீணாயிற்று. நர்ஸ் திட்டினாள், முத்துசாமி திட்டினார். கலைச்செல்வன் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டான். அக்கா பார்த்த பார்வை அப்படி.

அடுத்த வாரம் தம்பியை விட்டுவிட்டு அவளே கூட்டிப்போனாள். சுட்ட இடம் படத்தில் நிறமே பிடிக்கவில்லை. அது டாக்டர் எதிர்பார்த்ததுதான். அதை ஒட்டிய சதை உயிரோடு இருந்தது, ஆனால் மருந்து ஏற்றியதும் ரத்தம் பற்றாமல் மங்கியது. ரத்தக் குழாய் அடைப்பை எடுக்க வேண்டும், லாரி இனி வேண்டாம் என்று டாக்டர் இருவரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முத்துசாமி ஓனருக்குப் போன் போட்டு, எல்லாம் சரியாகிவிட்டது, திங்கட்கிழமை வருகிறேன் என்றார். ஆண்டாயி போனைப் பிடுங்கினாள்.

"சார், இவரு பொய் சொல்றாரு. வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

"என்னப் பொணமாக்கிட்டியேடி."

"பொணம் பேசாது. சாப்பிட வாங்க."

அவர் வரவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் சாப்பிட்டாள். விடிந்தால் சின்ன வெங்காயக் காட்டில் வேலை.