மாமன் மடியில் இரண்டாவது முறை

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, நோயாளிகள் படுக்கும் நாற்காலியிலேயே ஒரு தூக்கம் போடுவது என் வழக்கம். ஒரு பல் டாக்டர் வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய பழக்கமில்லைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மாடிப்படியில் வெயிலைத் தவிர யாரும் ஏறி வருவதில்லை. நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தால் ஜன்னலில் திருத்தணி மலை மட்டும் தெரியும். படிகளில் சனங்கள் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருப்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால், யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது குழம்பிப்போகும். அந்தக் குழப்பத்தில் தூக்கம் வந்துவிடும்.

அன்றைக்குக் கண் விழித்தபோது, என் முகத்துக்கு நேரே சந்தனம் பூசிய ஒரு சின்னத் தலை நின்றது. கனவென்று நினைத்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தன வாசனை மட்டும் போகவில்லை.

"தூங்கினு இருக்காங்க நைனா," என்றது தலை.

வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தேன். ஐந்து வயதிருக்கும் பெண். காலையில் மலைமேல் மொட்டை போட்டுக் காதும் குத்தியிருந்தார்கள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பின்னால் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கீழ்வரிசையில் ஒரு பால் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, அவர்கள் ஊரிலேயே மாத்திரை வாங்கிப் போட்டு வீக்கத்தை அடக்கியிருந்தார்கள். பல்லை எடுக்காவிட்டால் வீக்கம் திரும்ப வரும்.

"எப்படியும் மலைக்கு வரோமில்லீங்களா, ரெண்டு வேலையும் ஒரே நடையில முடிச்சிடலாம்னுதான்," என்றார் அப்பா. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். சாமியைப் பார்த்த கையோடு பாத்திரக்கடையையும் என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு குழந்தை நாற்காலியில் உட்காருமா, என்னை உதைக்குமா என்பதை வாசலிலேயே கணித்துவிடுவேன். வந்ததும் என் கையைப் பார்க்கிற குழந்தை அழும். முகத்தைப் பார்க்கிற குழந்தை வாய் திறக்கும். குழந்தையைக்கூடப் பார்க்க வேண்டாம், அம்மாவைப் பார்த்தாலே போதும். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா கண்ணு" என்று எந்த அம்மா மூன்று தடவை சொல்கிறாளோ, அவள் பிள்ளை நிச்சயம் கடிக்கும். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

இந்தப் பெண்ணோ தூங்குகிற என் முகத்தையே கிட்ட வந்து பார்த்தவள். செருப்பை ஜோடியாக விட்டிருந்தாள். அம்மா வாயே திறக்கவில்லை. சமர்த்து, பத்து நிமிட வேலை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த அம்மா காலையிலேயே சொல்லித் தீர்த்திருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சின்னப் பிள்ளைகளை நான் தனியாக உட்கார வைப்பதில்லை. அவர்களுக்குப் பிரியமான ஒருவரை முதலில் உட்காரச் சொல்லி, அவர் மடியில் பிள்ளையைச் சாய்த்துக்கொள்வேன். "பாப்பா யார்கிட்ட ரொம்ப ஒட்டுதல்?" என்று கேட்டேன். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் மாமனைக் காட்டினார்கள். வடக்கே எங்கேயோ வேலை. இந்த விசேஷத்துக்காகவே லீவு போட்டு வந்தவன், மறுநாள் அரக்கோணத்தில் ரயில் ஏற வேண்டும். இருந்த நாளெல்லாம் அவள் அவன் இடுப்பை விட்டு இறங்கவில்லையாம். சந்தோஷமாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மடியைத் தட்டிக் கூப்பிட்டான்.

அவள் அழவில்லை. முகம் மட்டும் வெறுமையாகிப்போனது. இரண்டு கைகளும் மெதுவாக மேலே போய்த் தலையைத் தொட்டுப் பார்த்தன. பிறகு காதுகளை. பிறகு, இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று தேடுவதுபோல் முகத்தில் இறங்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டன.

மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். இது தெரியாமல் நான் ஒன்றும் வேற்றூரில் பிறந்தவள் இல்லை. என் ஜன்னலில் தினமும் சந்தனத் தலைகள் இறங்கி வருகின்றன. அவற்றுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா," என்று இப்போதுதான் அம்மா ஆரம்பித்தாள்.

"காலையிலயும் அப்படித்தான் சொன்னே," என்று விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாமன் நாற்காலியை விட்டு இறங்கி ஜன்னலோரம் போய் நின்றான். "நான்தாங்க புடிச்சிகினு இருந்தேன். கை ரெண்டையும் அமுக்கி," என்றான். ஓரடி கிட்டே வந்தான், அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நாலு பேரு இருக்கோம் மேடம், புடிச்சிக்கலாம்," என்றார் அப்பா.

பிடித்துக்கொள்ளலாம்தான். பல்லும் வந்துவிடும். அதற்கப்புறம் அவள் ஆயுசுக்கும் எந்த டாக்டரிடமும் வாய் திறக்க மாட்டாள். மாமனும் நாளைக்கு இந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவான். "யாரும் கை வைக்கக் கூடாது," என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தேன். அவளும் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஃபேன் சுற்றியது. மலைமேல் மணி அடித்து, அந்தச் சத்தம் வெயிலில் நெடுநேரம் தங்கியது. பாதித் தூக்கத்தில் எழுந்த எனக்கு எல்லாம் இன்னும் கனவுக்குள் நடப்பதாகவே இருந்தது. ஜன்னலில் சனங்கள் ஏறினார்களோ, இறங்கினார்களோ. ஒன்றும் செய்ய மாட்டேன் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பாப்பா, அந்தப் பல்ல எடுக்கணும்," என்றேன். "மொதல்ல ஊசி. அது வலிக்கும். பத்து எண்ற வரைக்கும் வலிக்கும். அப்புறம் மரத்துடும். நான் இழுக்கறது தெரியும், வலி தெரியாது."

அம்மா என்னை முறைத்தாள். மகள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"முடி மாதிரி திரும்ப வருமா?" வாயிலிருந்து கை கொஞ்சம் விலகியிருந்தது.

"ஆங், வரும். முடியைவிட லேட்டா வரும்."

"நான் தனியா உக்காருவேன். யாரும் புடிக்கக் கூடாது."

"சரி."

"அப்புறம் மாமாவையும் உக்கார வெக்கணும்."

"சரி," என்றேன். ஜன்னலோரம் மாமன் நிமிர்ந்து பார்த்தான்.

அவளாகவே ஏறிப் படுத்தாள். ஊசி போடும்போது கண்ணோரம் நீர் வழிந்தது, தலை அசையவில்லை. நான் சத்தமாக எண்ணினேன். ஏழிலேயே ஊசி முடிந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லுக்காகப் பத்துவரை எண்ணித்தான் நிறுத்தினேன். பல் சுலபமாக வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு இறங்கியவள், நாற்காலியைக் காட்டினாள்.

விளையாட்டென்று எல்லோரும் சிரித்தார்கள், மாமனைத் தவிர. ஆறடி ஆள், படுத்ததும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். வாயில் உண்மையிலேயே ஒரு சொத்தை இருந்தது.

"பயப்படாதடா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்று அக்கா தம்பியைக் கேலி செய்தாள்.

மகள் ஸ்டூலில் ஏறி நின்று, சந்தனத் தலையை அவன் முகத்துக்கு மேலே நீட்டினாள். மரத்துப்போன உதட்டால் வார்த்தைகள் குழறின.

"வலிக்கும் மாமா," என்றாள். "ஆனா நான் உன் கைய அமுக்க மாட்டேன்."

கைப்பிடியை இறுக்கியிருந்த அவன் கைமேல், தன் கையைச் சும்மா வைத்துக்கொண்டாள்.