நான் அழுத்தாத பொத்தான்

பெரம்பலூரில் அரசு அலுவலகத்தில் விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். மகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய விமானத்திலும், இருக்கைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானைப் பற்றி மனைவிக்கு வகுப்பெடுத்தேன். அழுத்தினால் மணி ஒலிக்கும், நம் வரிசைக்கு மேல் விளக்கெரியும், பணிப்பெண் வருவார்.

விமானம் மேலேறும்போதே அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"இனிப்பா ஏதாச்சும் கேளுங்க."

"பெல்ட் விளக்கு அணையட்டும். அதுவரைக்கும் அவங்க எந்திரிக்கக் கூடாது, அதான் ரூல்."

அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் கட்டட வேலைக்குப் போகும் வேப்பந்தட்டைக்காரர் இருந்தார்.

"அக்காவுக்கு முடியல, நீங்க ரூல் பேசிக்கிட்டிருக்கீங்களே சார்!" என்றவர் எட்டிப் பொத்தானை அழுத்தினார்.

பணிப்பெண் விரைந்து வந்து, விஷயம் கேட்டதும் பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தார். அவள் மெல்ல மெல்லக் குடித்தாள். சிறிது நேரத்தில் முகம் தெளிந்து, "என்ன, ரூல் மாறிடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

எழுந்து வரலாமா என்பதைப் பணிப்பெண்தான் முடிவு செய்ய வேண்டும். நானோ அவர் சார்பில், மனு போய்ச் சேரும் முன்பே தள்ளுபடி செய்துவிட்டேன். அலுவலகத்தில் அப்படி நான் திருப்பி அனுப்பியவர்களின் பக்கத்திலும் அந்த வேப்பந்தட்டைக்காரரைப் போல ஒருவர் இருந்திருப்பார் என்று நம்ப விரும்புகிறேன்.