சுண்ணாம்பு பூசிய மட்கார்டு

மலாயாவில், பத்து பெரண்டாம் என்ற சிற்றூரில் சைக்கிள் கடை வைத்திருந்த காளிதாஸைச் சுண்ணாம்புக்காரர் என்றுதான் ஊர் கேலி பேசும். வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த 1952. காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகள் சுடுவார்களோ என்ற பயத்தில் மிலிட்டரி லாரிகள் தலைதெறிக்க ஓடும். ஓரமாகப் போகிற சைக்கிளை யார் பார்க்கிறார்கள்? விளக்குப் போடலாமென்றால், சில நாள் சோதனைச் சாவடியில் பேட்டரியைப் பிடுங்கிக்கொள்வார்கள், காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். விளக்கில்லாமல் போனாலோ அபராதம். நல்ல நியாயம்!

அதனால் விடிந்ததும் காளிதாஸ் சுண்ணாம்பு வாளியோடு கடைவாசலில் நிற்பார். டவுனுக்கு வேலைக்குப் போகிற சைக்கிள்களை மறித்து, பின் மட்கார்டில் பட்டையாக ஒரு பூச்சுப் பூசிவிடுவார். லாரி வெளிச்சத்தில் அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். பஸ்ஸையே நம்பிக்கிடந்த பெண்கள் நாலைந்து பேர் அதற்குப் பிறகுதான் துணிந்து சைக்கிள் ஏறினார்கள். முதலில் ஏறியவள் அவர் மனைவி சுசீலா. டவுன் லாண்டிரியில் அவளுக்கு இஸ்திரி வேலை. சாயங்காலம் அவள் சைக்கிள் மணி கேட்கும்வரை அவருக்குக் கை வேலையில் ஓடாது.

ஆயுத பூசை வந்தது. அன்று அவர் வாளியை எடுக்கவே இல்லை. சுசீலாவின் சைக்கிளைத் தேய்த்துக் கழுவி, மட்கார்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் பூச்சரம் சுற்றினார்.

"சுண்ணாம்பு பூசலையாங்க?" என்றாள் சுசீலா.

"சந்தனம் வெச்ச எடத்துல சுண்ணாம்பா? பூசை நாள் லா. நாளைக்குப் பூசிக்கலாம்."

அவள் சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

சாயங்காலம் மழைமூட்டம், சீக்கிரமே இருட்டிவிட்டது. சாவடியில் அவள் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது பின்னால் வந்த லாரி அவளை அடித்துப் போட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

லாரிக்காரன் தலையில் அடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னான்: "தெரியல, ஒண்ணுமே தெரியல."

அவன் பொய் சொல்லவில்லை என்பது காளிதாஸுக்குத் தெரியும். நசுங்கிய மட்கார்டில் குங்குமம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துதான் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.

மறு வருஷம் ஆயுத பூசைக்கு, பழைய வாடிக்கைக்காரர் தம்புசாமி பூவும் சந்தனமுமாக வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு ஒருநாள் சந்தனம் வைங்கண்ணே."

காளிதாஸ் அவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, மட்கார்டில் சுண்ணாம்பைப் பூசினார். அது காயும்வரை தம்புசாமியைப் போக விடவில்லை.