கெசியா மதிலைத் தாண்டிய வருஷம்

வள்ளியூரில் மிளகாய் வியாபாரம் செய்துவந்த ஞானையாவுக்கும் எலிசபெத்துக்கும் ஐந்து பிள்ளைகள். நாலு பேரை ஒரே வருஷத்துக் காலரா கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கைக்குழந்தை கெசியா. அதற்குப் பிறகு எலிசபெத் அவளை வாசற்படி தாண்டவிடவில்லை, தானும் ஊரைத் தாண்டவில்லை. எழுத்தும் கணக்கும் அப்பா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். பத்து வயதுவரை அவள் கண்டது ஒரு முற்றமும், மதிலுக்கு மேலே தெரிந்த பனைமரத் தலைகளும்தான்.

1909 ஜனவரியில் ஞானையா பிடிவாதமாக அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் சேர்த்தார். எலிசபெத் அழுதாள். கெசியா அழவில்லை. நாங்குநேரி வரைக்கும் மாட்டுவண்டியில் நின்றுகொண்டே வந்தாள். பனைமரத்துக்கு அடிமரம் இத்தனை உயரம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

விடுதியில் புதிதாக வருகிறவளை மூத்த பெண் ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டும். கெசியாவுக்கு வாய்த்தவள் பதிமூன்று வயது லில்லி. யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் கெசியா நேரே அவர்களிடம் போய், “எதுக்குச் சிரிக்கிய?” என்று கேட்பாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான். லில்லிக்கு மானம் போனது.

சனிக்கிழமை எல்லோரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். ஓடுகிற தண்ணீரை கெசியா பார்த்ததே இல்லை. கரையோரமாகவே நடந்தாள். ஒரு திருப்பத்தில் வயதான பெண் ஒருத்தி கோரைப்புல் கட்டுகளைத் தண்ணீரில் அமுக்கி மேலே கல் வைத்துக்கொண்டிருந்தாள். மேலப்பாளையத்தில் பாய் முடைகிற ஆசியா உம்மாள்.

“புல்லை ஏன் முக்குதீங்க?” என்றாள் கெசியா.

“ஊறுனாத்தான் நாராக் கிழிக்க வரும். ஏழு நாள் கிடக்கணும். நீ யாரு பிள்ள, தனியா நிக்க?”

“வள்ளியூரு. தண்ணி இழுத்துட்டுப் போயிராதா?”

“அதுக்குத்தான் கல்லு. இங்கன பிடி.”

கெசியா தண்ணீரில் இறங்கிப் பிடித்தாள். கட்டு கையிலிருந்து உருவிக்கொண்டு போகப் பார்த்தது. அந்த இழுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் இல்லாததைப் பார்த்துப் பெண்கள் கரையெல்லாம் கூப்பிட்டு அலைந்தது அவள் காதில் விழவில்லை. கடைசியில் ஆசியா உம்மாள்தான் ஈரச் சேலையோடு அவளை விடுதி வாசலில் கொண்டுவந்து விட்டாள்.

தண்டனை லில்லிக்கும் சேர்த்துக் கிடைத்தது. இரண்டு சனிக்கிழமை ஆறு கிடையாது. லில்லி பேச்சை நிறுத்திவிட்டாள். கெசியாவிடம் அதுவரை யாரும் பேசாமல் இருந்ததில்லை. பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு அந்த முதுகையே நாலு நாள் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் கேட்டாள்: “லில்லியக்கா, இது எத்தன நாளைக்கு இருக்கும்?”

“எது?”

“கோவம். எனக்குத் தெரியாது, அதான் கேக்கேன்.”

லில்லி திரும்பிப் பார்த்தாள். அவள் விளையாடவில்லை என்று புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. “போடி, தீந்துட்டு,” என்றாள். அடுத்த முறை ஆற்றுக்குப் போனபோது அவள்தான் முன்னால் நடந்தாள், அந்தப் பாய்க்காரியைக் காட்டு என்று.

மே மாத லீவில் கெசியா வள்ளியூர் போனாள். எலிசபெத் வெந்நீர் ஊற்றி அவளைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கெசியா ஆற்றங்கரைக் கதையெல்லாம் சொன்னாள். எலிசபெத் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்த அம்மாவுக்கு எத்தன பிள்ளைகளாம்?”

“கேக்கலியே. கேட்டு எழுதுதேன்.”

ஜூலையில் கடிதம் வந்தது. ஆசியா உம்மாளுக்கு ஏழு பிள்ளைகள், காலராவில் இரண்டு போனது. எலிசபெத் அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளை அழைத்துவர ஞானையாவோடு அவளும் வண்டி ஏறினாள். பத்து வருஷத்தில் முதல் தடவை. பாளையங்கோட்டையில் இறங்கியதும், விடுதிக்குள் நுழையுமுன்னே, ஆறு எந்தப் பக்கம் என்று வாசலுக்கு ஓடிவந்த மகளிடம் கேட்டாள்.