மெலிந்த எஞ்சின்

எதையாவது நினைத்துப் பயப்படாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது. சின்ன வயதிலும் அப்படித்தான். இத்தாலியில், பலெர்மோ நகரில் எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நான் பயந்தது ஒரு காருக்காக.

அப்பா பிரான்காச்சோப் பகுதியில் ஒரு கராஜில் கூப்பிடும்போது போய் வேலை செய்தார். அங்கே முதலாளி ஆசைப்பட்டு வாங்கிய பழைய அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. எட்டு சிலிண்டர். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றர், பெரிய எஞ்சினுக்குப் பெரிதாக இருந்தால்தான் அழகு என்று முதலாளியே ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார். மிதித்தால் கார் இருமும், பிறகு நின்றுவிடும். அதை ஒழுங்காக ஓட வைத்தால் அப்பாவை நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வேலை நிலைத்தால் அம்மா மாடிப்படி துடைக்கப் போகத் தேவையில்லை. அம்மாவுக்கும் அப்போது இருமல்.

சனிக்கிழமைகளில் மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போவார். அன்று அப்பா எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மாக்ரா," என்றார் முதலாளி.

பள்ளிக்கூடத்தில் ஒல்லிப் பிள்ளைகளை அப்படித்தான் சொல்வார்கள். "மெலிவாம் அப்பா," என்றேன்.

"சரியாத்தான் சொல்லுறாய் பிள்ளை. காத்துக் கூட, பெற்றோல் காணாது. இப்பிடியே ஓடவிட்டா உள்ளுக்கை எரிஞ்சுபோகும். சின்னன் ஒண்டு பூட்டவேணும் எண்டு சொல்லு."

சொன்னேன். இது கார், தையல் மெசின் இல்லை என்றார் முதலாளி. என்றாலும் அடுத்த சனி வரை தவணை தந்தார்.

அன்று பின்னேரம், சீசா என்கிற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சித்தப்பா வந்தார். குசினியில் இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்தது எனக்குக் கேட்டது.

"வெளிறிப்போச்சு. மெலிஞ்சுகொண்டே போகுது. அதாலை இனி ஏலாது," என்றார் அப்பா.

"தெரிஞ்ச ஆக்களிட்டைக் காட்டினனீங்களோ அண்ணை?"

"காட்டினனான். பிந்திப்போச்சாம்."

காரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கார் போனால் வேலையும் போய்விடும்.

மறுநாள் பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, மாதாவே, மெலிந்ததைத் தேற்றிவிடும் என்று கெஞ்சினேன். மாதாவுக்கு ஆள் மாறிவிடக்கூடாதே என்று, கராஜில் நிற்கிற சிவப்புக் கார் என்பதையும் சொல்லிவைத்தேன்.

"என்ன பிள்ளை, இவ்வளவு நேரம் ஆருக்கு மண்டாட்டு?" என்று அம்மா கேட்டார்.

"காருக்கு."

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா சிறிய காபரேற்றரைப் பூட்டினார். காதைக் கிட்டக் கொண்டுபோய், திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். எஞ்சினின் நடுக்கம் அடங்கியது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கழற்றிய பிளக், பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. முதலாளி அப்பாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அப்பா சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் சொன்னேன்: "அது தேறிட்டுது அம்மா."

"நல்லது பிள்ளை. இனிப் பயப்பிடாதை."

அந்தக் கிழமையோடு அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தினார். அப்பாவுக்கு வேலை கிடைத்ததால்தான் என்று நம்பினேன். அம்மா இறந்துபோன பிறகு, அப்பாவின் சம்பளம் மட்டும் காணாமல், அதே படிகளைத் துடைக்க நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அம்மாவை நினைத்து மனம் இளகினால் அப்பா 'அவ' என்று சொல்லமாட்டார். 'அது' என்றுதான் சொல்வார். குசினியில் அன்று சொன்ன 'அது' எது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் மாதாவிடம் கேட்டது அப்படியே கிடைத்தது.