அண்ணர் பெயர் சொல்லாத கம்பனி

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அண்ணரின் நினைவு மலருக்குப் படித்தவர்கள் எழுதித் தருகிறோம் என்றார்கள். அண்ணரின் மனைவி, என் மச்சாள், வேண்டாம் என்றார். "தம்பி, நீங்கள் கண்டதை நீங்களே எழுதுங்கோ" என்றார். அவர் சொன்னால் நான் மறுப்பதில்லை. அண்ணரின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும், ஊரில் இருந்து இதை வாசிக்கப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

இதில் ஒரு அமெரிக்கக் கம்பனி வரும். கார், லொறி செய்கிற பெரிய கம்பனி. பெயரை எழுத மாட்டேன். அண்ணர் கடைசிக் காலம்வரை அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. "அவங்கள்" என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணர் கொடிகாமத்தில் பிறந்தார். எங்கள் ஐயா சந்தையில் தேங்காய் ஏற்றி இறக்குகிறவர். அண்ணர் மூத்தவர், நான் கடைசி. ஐயா காலமானதும் அண்ணர் பள்ளிக்கூடத்தை விட்டார். மூட்டை ஏற்றினார். லொறி கழுவினார். பிறகு ஓட்டப் பழகினார். லைசென்ஸ் எடுத்த அன்று அம்மாவுக்குச் சேலை வாங்கி வந்தார். குடிக்க மாட்டார். றோட்டில் ஆடு நின்றால் இறங்கித் துரத்திவிட்டுத்தான் லொறியை எடுப்பார். சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.

"உவர் றைவரோ, ஆட்டு மேய்ப்பரோ?"

"ஆட்டையும் ஆரோ வீட்டில தேடுவினம்தானே" என்பார் அண்ணர்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அந்தக் கம்பனிக்குப் பெரிய மரியாதை. உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன அவங்களுடைய பழைய லொறிகள் பல வருடம் ஓடின. அதைக் கண்ட பெரியவர்கள் அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைகளில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவங்களுடைய கலண்டர் தொங்கும். அதில் ஒரு மலை, ஒரு கார், சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். யாரைக் கேட்டாலும் ஒரே கதை. சின்னப் பட்டறையில் தொடங்கினார்களாம். தங்கள் கையால் உழைத்து உலகம் முழுக்கப் பரவினார்களாம். அவங்களுடைய இரும்பு வேறு இரும்பாம். அந்தக் கதையை யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவங்களே எழுதியது.

அண்ணர் வேலை செய்த லொறி முதலாளி அந்தக் கம்பனியின் புது லொறி ஒன்று எடுத்தார். மாலை போட்டு, தேசிக்காய் நசித்து, அண்ணரிடம் திறப்பைக் கொடுத்தார். ஊரே வந்து பார்த்தது. முதல் ஓட்டத்திலேயே அண்ணருக்குப் பிழை தெரிந்தது. பிறேக் சில நேரம் பிடிக்கும். சில நேரம் கால் அடிவரை போய்விடும். முதலாளியிடம் சொன்னார். முதலாளி அண்ணரையும் கூட்டிக்கொண்டு கொழும்பில் அவங்களுடைய ஏஜன்சிக்கு லொறியைக் கொண்டுபோனார். வெள்ளைச் சேட்டுப் போட்ட எஞ்சினியர் ஒருவர் வந்து முற்றத்தில் ஒரு வட்டம் ஓட்டினார். அந்த வட்டத்தில் பிறேக் பிடித்தது. அவர் முதலாளியோடு இங்கிலீசில் கதைத்தார். முதலாளி வரும் வழியில் அதைத் தமிழில் சொன்னார்.

"லொறியில பிழை இல்லையாம். றைவரை மாத்தட்டாம்."

"முதலாளி, என்ர காலுக்குத் தெரியுது."

"அமெரிக்காக்காரனுக்குத் தெரியாதது உன்ர காலுக்குத் தெரியுமோ?"

 வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அண்ணர் மெதுவாக ஓட்டினார்.

அண்ணர் கலியாணம் கட்டிய பிறகு, கொழும்புக்குப் புகையிலை ஏற்றிப் போன ஒரு ஓட்டத்தில் மச்சாளின் தமையனும் கூடப் போனார். கொழும்பில் சுருட்டுக் கடையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அண்ணருக்குப் பக்கத்தில் இருந்து போனார். குருநாகல் பக்கம் ஒரு இறக்கம். கீழே சந்தி. சந்தியில் சனம். பிறேக் பிடிக்கவில்லை. அண்ணர் லொறியைத் தென்னந்தோட்டத்துக்குள் திருப்பினார். சந்தியில் நின்ற ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. லொறியின் இடப்பக்கம் மரத்தில் மோதியது. மச்சாளின் தமையன் அந்த இடத்திலேயே போய்விட்டார்.

கோட்டில், நீதவானுக்கு முன்னால், ஏஜன்சி ஆள் வந்து சாட்சி சொன்னார். உலகம் முழுக்க இந்த லொறி ஓடுகிறது, எங்கும் இப்படிப் பிழை வந்ததில்லை என்றார். பிறேக்கைக் கழற்றிப் பார்க்கும்படி அண்ணர் கேட்டார். அதற்கு முன்னமே ஏஜன்சி லொறியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெரிய பெயரைக் கோடு நம்பியது. அண்ணரை மறியலில் அடைத்தார்கள். லைசென்சும் போனது.

மச்சாளின் ஆட்கள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். "உன்ர தமையனைச் சாக்காட்டினவனோட என்னெண்டு இருக்கப் போறாய்? வெளிக்கிடு" என்றார்கள். மச்சாள் வெளிக்கிடவில்லை. அதேநேரம், அண்ணரில் பிழையில்லை என்று அவர்களுக்கு மறுமொழியும் சொல்லவில்லை. அண்ணர் மறியலால் வந்தபோது சோறு போட்டார். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். அந்த லொறியைப் பற்றி மட்டும் ஒரு சொல் கதைக்கவில்லை.

கோடு சொன்னதை அண்ணர் பெரிதாக எடுக்கவில்லை. மச்சாள் தன்னை நம்புகிறாரா இல்லையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கவும் பயம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். நாங்களும் கதைக்கவில்லை.

அதன்பின் அண்ணர் வாகனம் ஓட்டவில்லை. அந்தக் கம்பனியின் வாகனத்தில் ஏறவுமில்லை. பஸ் வந்தால் முதலில் அதன் மூக்கைப் பார்ப்பார். அவங்களுடைய சின்னம் இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அண்ணர் குடும்பமும் நானும் டென்மார்க் வந்தோம். அகதி முகாமில் இருந்து ஹோர்சன்ஸ் பட்டணத்தில் தந்த வீட்டுக்கு எங்களைக் கொண்டுபோக அகதிக் காரியாலயத்து ஆள் வான் ஒன்றோடு வந்தார். ஏறச் சொல்லிக் கை காட்டினார். அண்ணர் முன்னுக்குப் போய்ப் பார்த்தார். அவங்களுடையது.

"வேற வாகனம் இல்லையோ?"

"அண்ணை, குளிருது. விசர்க் கதை கதையாமல் ஏறுங்கோ" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் ரெயினில வாறன்."

"ஸ்டேசன் எங்கையெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தண்டவாளத்தைக் கண்டால் அதால நடக்கிறன்."

மச்சாள் பிள்ளைகளோடு ஏறி இருந்தார். கண்ணாடிக்குள்ளால் அண்ணரைப் பார்த்தார். காரியாலயத்து ஆள் அண்ணருக்கு வாகனமென்றால் பயம் என்று நினைத்து முதுகில் தட்டினார். நானும் அண்ணரும் ரெயினில் போனோம்.

ஹோர்சன்ஸில் அண்ணருக்குத் தளபாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பலகை தேய்க்கிற வேலை. பனியிலும் சைக்கிளில்தான் போவார். கீழ் வீட்டில் அக்சல் என்று ஒரு டேனிஷ் ஐயா. பென்சன்காரர். அவர் சொல்வதில் பாதி எங்களுக்கு விளங்கும். மீதியை அண்ணரின் மூத்த மகள் சொல்லுவாள். ஒருநாள் அவர் தான் முன்பு கொப்பன்ஹேகனில் அதே கம்பனியில் வேலை செய்ததாகச் சொன்னார். அண்ணர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

பெட்டி பெட்டியாகக் கார்ச் சாமான் கப்பலில் வருமாம். இங்கே வைத்துப் பொருத்துவார்களாம். பொருத்தி எடுத்தால் வரி குறைவு, அதற்காகத்தான் இங்கே தொழிற்சாலை. நாட்டுக்கு வேலை கொடுக்கிறோம் என்று பேப்பரில் படம் போடுவார்களாம். வரி மாறியது. கதவைப் பூட்டினார்கள். அக்சல் ஐயா வேலை தேடி இந்தப் பக்கம் வந்தார்.

"நத்தார்ப் பண்டிகைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாத்து தருவினம். நாங்கள் தொப்பியைக் கழட்டி நன்றி சொல்லுவம். பூட்டின வருசம் வாத்தும் இல்லை, வேலையும் இல்லை" என்றார்.

"உங்களுக்கு வாத்தாவது தந்திருக்கிறாங்கள்" என்றார் அண்ணர். மகள் அதை டேனிஷில் சொன்னதும் அக்சல் ஐயா இருமும்வரை சிரித்தார். அன்று தொடக்கம் இருவரும் சிநேகிதர்.

சில மாதம் கழித்து அக்சல் ஐயா ஒரு கடிதத்தோடு மேலே வந்தார். அவருடைய மகளின் காருக்கு அந்தக் கம்பனி அனுப்பியது. மூத்த பிள்ளை வாசித்துத் தமிழில் சொன்னாள். பிறேக்கில் ஒரு பகுதி பிழைத்து, பிடிக்காமல் போகக்கூடும். காரைக் கொண்டு வாருங்கள். சும்மா மாற்றித் தருகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

"பிறேக் பிழைக்கும் எண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்களோ?"

"ஓம் அப்பா."

"திரும்ப வாசி பிள்ளை."

பிள்ளை திரும்ப வாசித்தாள். அண்ணர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தேத்தண்ணி ஆறுது" என்றார் மச்சாள்.

அண்ணர் என்னிடம், "இவையளுக்குக் கடிதம். எங்களுக்குக் கோடு" என்றார்.

அந்த மாரிக் குளிரில் அண்ணருக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். ஆனாலும் இதயம் நாளுக்கு நாள் பலம் குறைந்தது. ஒரு பின்னேரம் நான் தோடம்பழம் கொண்டு போனேன். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணரின் குரல் கேட்டது. நான் வெளியே நின்றுவிட்டேன்.

"இஞ்சாரும். அந்தக் கடிதம் வாசிக்கேக்கை நீரும் கேட்டனீர்தானே?"

"ஓம்."

"என்ன நினைக்கிறீர்?"

"நோகுதோ?" என்று மச்சாள் கேட்டார்.

"இல்லை."

"அப்ப படுங்கோ. சுகமாகி வாங்கோ, பேந்து கதைப்பம்."

அன்று எனக்கு மச்சாளில் கோபம் வந்தது. அண்ணர் சுகமாகவில்லை. இரண்டு நாளில் கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் பெட்டியை வைத்தோம். ஐயர் இல்லை. எஸ்பியர்க்கில் இருந்து வந்த ஒருவர் தேவாரம் படித்தார். ஓகூஸ் பட்டணத்துத் தமிழ் ஆட்களும் ரெயினில் வந்திருந்தார்கள். கிரியை முடிந்து பெட்டியை வெளியே எடுத்தோம். செத்தவீட்டு அலுவல் பார்க்கும் டேனிஷ்காரர் தன் வாகனத்தின் பின் கதவைத் திறந்து வைத்திருந்தார். நீளமான கறுப்பு வாகனம். முகம் தெரியும் அளவுக்கு மினுக்கியிருந்தார். நான் கதவைத்தான் பார்த்தேன். மச்சாள் முன்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நிப்பாட்டுங்கோ" என்றார்.

"என்ன மச்சாள்?"

"இதில ஏத்த வேண்டாம்."

அப்போதுதான் நான் சின்னத்தைக் கண்டேன்.

"வேற இல்லை மச்சாள். சனம் குளிருக்க நிக்குது."

"நிக்கட்டும். என்ர அண்ணையைச் சாக்காட்டினது இது. இவர் இல்லை. இது." வாகனத்தின் மூக்கில் விரலை வைத்தார். சத்தம் போட்டுச் சொன்னார். அவ்வளவு சனத்துக்கும் கேட்டது. "இவரை இதில ஏத்தினால் நான் வீட்டுக்கு வரமாட்டன்."

ஒருவரும் அசையவில்லை. பெட்டி எங்கள் கையில் இருந்தது.

டேனிஷ்காரருக்கு விளங்கவில்லை. மூத்த மகள் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்தது. "இந்தப் பட்டணத்தில இதுதான் ஆக நல்ல வாகனம். அமெரிக்காவில செய்தது. இதில போறதுதான் மரியாதை" என்றார்.

அக்சல் ஐயா முன்னுக்கு வந்தார். "எது மரியாதை எண்டு அந்த மனிசி சொல்லட்டும்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "சுடுகிற இடம் தூரமில்லை. நடவுங்கோ" என்றார்.

டேனிஷ் பெட்டிக்குப் பக்கத்தில் கைபிடி உண்டு. கையில் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தோம். சரிவரவில்லை. தோளில் வைத்தோம். நடைபாதையில் ஐஸ். அக்சல் ஐயா முன்னால் நடந்து, சந்திகளில் கையை விரித்துக் கார்களை நிற்பாட்டினார். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். நின்ற கார்களில் அவங்களுடையதும் இருந்தது. நிற்கட்டும். டேனிஷ்காரர் கடமைக்காரர். வெறும் வாகனத்தை எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்தார். தெரியாதவன் பார்த்தால் அந்த வாகனத்துக்குத்தான் செத்தவீடு என்று நினைத்திருப்பான்.

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. மச்சாள் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி நடந்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி. தேவாரம் படித்தவருக்கு நன்றி. அண்ணரைத் துடைத்து, உடுப்பு மாற்றிப் பார்த்த தாதிகளுக்கு நன்றி. இந்த மலரைக் கையால் எழுதிப் போட்டோக் கொப்பி எடுக்க விட்ட மொழிப் பள்ளிக்கூட ரீச்சருக்கு நன்றி. அக்சல் ஐயாவுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. மூத்த மகள் சொல்லுவாள். பின்னால் வந்த டேனிஷ்காரருக்கும் நன்றி. அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கம்பனிக்கு நன்றி இல்லை. மன்னிப்பும் இல்லை. அவங்கள் எங்களிடம் அதைக் கேட்கவும் இல்லை.

மச்சாளின் சொந்தக்காரர் சிலர் ஊரில் இன்னும் பழைய கதையைக் கதைப்பதாகக் கேள்வி. அவர்களுக்கும் இதை அனுப்புவதா என்று மச்சாளிடம் கேட்டேன்.

"முதல் அவைக்கு அனுப்புங்கோ" என்றார்.

உறைகளை என்னிடம் வாங்கி மேல்விலாசம் தானே எழுதினார். அனுப்புகிறவர் என்ற இடத்தில் அண்ணரின் முழுப்பெயரை எழுதி, அதன் கீழே 'மனைவி' என்று போட்டார்.