சந்தைக்கும் பாலத்துக்கும் நடுவே

என் அண்ணன் பேருந்து நடத்துநராக இருந்தான். டிப்போவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். முன்னால் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால் பின்படிக்கட்டில் தொங்குகிறவன் காதில் விழும். வீட்டில் அதிகம் பேசமாட்டான். “எல்லாத்தையும் பஸ்லயே கத்தித் தீத்துடுவாரு. நமக்குன்னு மிச்சம் மீதி எதுவும் கொண்டு வர்றதில்ல” என்பாள் அண்ணி.

அவன் வழித்தடத்தில் சந்தைக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு நிறுத்தம் உண்டு. எதிரே கம்பி வேலி, வேலிக்குள் விளையாடுகிற இடம். பலகையில் ‘விளையாட்டுத் திடல்’ என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி டிக்கெட் கேட்டவர் யாருமில்லை. மட்டையோடு ஏறுகிற பையன்களுக்கு அது கிரவுண்டு. காலையில் நடக்கப் போகிற பெரியவர்களுக்கு மைதானம். ஓரமாக நாலு மரமும் ஒரு பெஞ்சும் இருப்பதால், கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்குப் பார்க். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மட்டும் திடல் என்பார். அதையும் விசில் ஊதுவது மாதிரிதான் சொல்வார்.

மாலையில் ஒரு தாயும் மகளும் ஏறுவார்கள். சிறுமிக்கு ஒரு காலில் இரும்புப் பட்டை. ஊஞ்சல், மணல், மரம், வேலி எல்லாம் சேர்த்து அவளுக்கு அந்த இடமே சறுக்குதான். அவள் பேச்சை அம்மாவும் பிடித்துக்கொண்டாள்.

“ஒன்றரை சறுக்கு குடுங்க.”

“அங்க போய் சறுக்குங்கம்மா. பஸ்ஸுக்குள்ள வேணாம், கம்பியப் பிடிச்சுக்கங்க” என்பான் அண்ணன்.

நிறுத்தம் நெருங்கும்போது அவன் ஒரு பெயரோடு நிறுத்துவதில்லை. “கிரவுண்டு, மைதானம், திடல், பார்க்கு, சறுக்கு... எல்லாம் இறங்கு!” மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று சேர்ப்பான்: “பொட்டல்!”

அவனோடு நெடுநாள் வண்டி ஓட்டிய டிரைவர் கேட்பாராம்: “அது யாருக்குய்யா? ஒருத்தரும் அப்படிக் கேட்டு நான் பாத்ததில்லையே.”

“கேக்குற ஆளு ஒண்ணு இருக்கு. இன்னும் ஏறல.”

பொட்டல் எங்கள் வீட்டுச் சொல். சிறு வயதில் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் புல் முளைக்காத காலி மனை ஒன்று கிடந்தது. அண்ணனும் நானும் விளையாடியது அங்கேதான். பிறகு எங்கே விளையாடப் போனாலும் எங்கள் இருவருக்கும் அது பொட்டல்தான். கல்யாணமாகி நான் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அவன் பேருந்தில் ஒரு தடவைகூட ஏற வாய்க்கவில்லை.

ஒரு நாள் டிப்போவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆள் இறங்காத நிறுத்தங்களில் இனி வண்டி நிற்காது. அவற்றுள் ஒன்று விளையாட்டுத் திடல். அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நேராக டைம் கீப்பரிடம் போனான்.

“யாரு சார் சொன்னது ஆள் இறங்கலன்னு? சாயங்காலம் பாதி வண்டி அங்கதான் காலியாகுது.”

“இறங்கினா டிக்கெட் இருக்கணுமே ரேடியோ. எல்லாரும் பாலத்துக்குல்ல வாங்கியிருக்காங்க” என்றார் அவர். “உன் மெஷின்லயும் அப்படித்தான் இருக்கு. வேணும்னா வந்து பாரு.”

அண்ணன் பார்த்தான். அப்படித்தான் இருந்தது. அது பின்னால் சேர்த்த நிறுத்தம். டிக்கெட் மெஷினில் பெயர் வரிசையின் கடைசியில் கிடந்தது. அதுவரை அமுக்கிப் போவதற்குள் கூட்டம் நெரியும். அடுத்த நிறுத்தமான பாலத்துக்கும் அதே கட்டணம். அது மேலேயே இருந்தது. எல்லா நடத்துநர்களும் பாலத்தையே அமுக்கினார்கள். அண்ணனும்தான்.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணியிடம் சொன்னானாம்: “வாய் நிறைய அத்தனை பேரு சொன்னேன். விரலு ஒரு நாளும் சொல்லல.”

“இப்ப என்ன, பாலத்துல இறங்கி நடக்கட்டுமே” என்றாள் அண்ணி.

“எல்லாரும் நடப்பாங்க. அந்தப் பொண்ணு பாலத்துப் படிய எப்படி இறங்கும்? அதோட சறுக்குக்கு நானே வேலி போட்டுட்டேன்.”

மறுநாள் டைம் கீப்பரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினான். அன்றிலிருந்து அவன் வண்டியில், சந்தை தாண்டியதும் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். அண்ணன் பொறுமையாகக் கடைசி வரை அமுக்குவான். மற்ற நடத்துநர்களையும் கெஞ்சினான். ஒருவர் எரிந்து விழுந்தார்.

“போய்யா, உனக்கு வேற பொழப்பில்ல! நிக்க எடமில்லாத கூட்டத்துல நான் மெஷின நோண்டிக்கிட்டு நிக்கவா?”

அப்புறம்தான் அவனுக்கு வழி தோன்றியது. பயணிகளிடமே விஷயத்தைச் சொன்னான். “டிக்கெட்ட வாங்கினா பேரப் பாத்து வாங்குங்க. பாலம்னு இருந்தா விடாதீங்க.” சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? பையன்கள் மற்ற நடத்துநர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணே, நான் பாலத்துக்குப் போய் யாருக்குப் பந்து போடுறது?”

“தம்பி, மைதானம்னு கேட்டா பாலத்தக் குடுக்கிறியே, என்னைத் தண்ணியில தள்ளலாம்னு பாக்கிறியா?” என்றாராம் ஒரு பெரியவர். கைக்குழந்தைக்காரிகள் சிரித்தார்கள். எரிந்து விழுந்தவரும் தலையில் அடித்துக்கொண்டு கடைசி வரை அமுக்கினார்.

மாதம் முடிந்தபோது அறிவிப்பில் அந்த ஒரு பெயரை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்து, “மழையா அங்க?” என்று கேட்டான், குழந்தைகளை விசாரித்தான், வைத்துவிட்டான். இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவரும் அண்ணியும் சொல்லித்தான் எல்லாம் எனக்குத் தெரியும். அதுவும் அவன் போன பிறகு. விடுமுறை நாளில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்து ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்தப் பேருந்தில் ஏறினேன். மாலை நேரம். முன் இருக்கையில் ஒரு தாயும், காலில் இரும்புப் பட்டை போட்ட மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துநர் என் பக்கம் வந்து, “எங்கம்மா?” என்றார். பலகையில் இருக்கும் பெயரைச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

“ஒரு பொட்டல்” என்று வந்தது.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அண்ணனிடம் எரிந்து விழுந்தவர் இவர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

“ரேடியோ தங்கச்சியா?”

தலையசைத்தேன். கூட்டம் இடித்துக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படாமல் கீழே, கீழே என்று கடைசி வரை அமுக்கி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விளையாட்டுத் திடல் என்று இருந்தது.

வண்டி நின்றது. “சறுக்கு வந்துருச்சு!” என்றாள் சிறுமி. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலை வைத்தாள்; ஒவ்வொரு படிக்கும் இரும்பு சத்தமிட்டது. பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் கால் தரையில் பட்ட பிறகு நானும் இறங்கினேன்.